கடதாசி வீரர் மண்ணுக்கு வந்த கதை

வீரர் கதைகளைக் கேட்டு மகிழாத சமுதாயம் இவ்வுலகில் எங்குமே இல்லை. பாட்டியின் மடியிலிருந்தே வீமனையும் அனுமனையும் அறிந்துகொண்ட நமக்கு இது விளங்காததன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வீமனையும் அனுமனையும் பாடிய புலவர்கள் அவர்களை எவருக்கும் விற்றுவிட்டுப் போகவில்லை. கதையைக் கேட்டவர் அனைவருக்கும் அவ்வீரர் உரியவராயினர். கூத்தாடுவோரும் கோயிற் சிற்பிகளும் அவர்களை எடுத்தாள எவரிடமும் அனுமதி கேட்டதில்லை.

அமெரிக்க நாட்டிலே இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய அதிசய வீரர் கூட்டத்தின் கதை வேறு. அவர்கள் மலிவான கடதாசியிலே, வர்ண அச்சிலே பிறந்தவர்கள். பிறந்த அன்றே விலைபேசப்பட்டவர்கள். 1938ஆம் ஆண்டில் சூப்பர்மான் முதன்முதலாக வெளிவந்த சித்திரக்கதை இதழின் விலை 10 அமெரிக்க சதம். அவனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞரும் அவன்மீதிருந்த உரிமை முழுவதையும் 130 டொலருக்குப் பதிப்பகத்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். 1962ஆம் ஆண்டில் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகியோரின் கைவண்ணத்தில் ஸ்பைடர்மான் பிறந்தபோது அவன் கதையைச் சிறுவர்கள் 12 சதத்துக்கு வாங்கிப் படித்தனர். சதக்கணக்கிற் கிடைத்த அவ்வீரர்களைத் தேடி இன்று குடும்பங்கள் கடல்கடந்து செல்கின்றன. பெரும் பொருள் செலவிட்டு அமைக்கப்பட்ட களியாட்டப் பூங்காக்களிலே அவர்களுக்கென்று தனித் தெருக்களும் கோபுரங்களும் எழுந்துள்ளன.

அவ்விடங்களிலே என்ன நடைபெறுகிறது? கடதாசியிலும் திரையிலும் கண்ட வீரன் கண்ணெதிரே வந்து நிற்கும்போது இரசிகர்கள் என்ன செய்கின்றனர்? இவற்றை ஆராய்வது வெறும் வேடிக்கையன்று. ஒரு கதை யாருக்குச் சொந்தம் என்ற பழைய வினாவுக்கு அங்கே புதிய விடை கிடைக்கின்றது.

பெயர்ப்பலகை வீரர்கள்

வீரனுக்கு ஓர் ஊர் அமைக்கவேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே மெற்றோபொலிஸ் என்றொரு சிறு பட்டணம் இருக்கிறது. சூப்பர்மான் வாழ்வதாகக் கதையிற் கூறப்படும் மாநகரின் பெயரும் அதுவே. இந்தப் பெயர்ப் பொருத்தத்தைக் கொண்டு 1972ஆம் ஆண்டில் அப்பட்டணம் சூப்பர்மானின் சொந்த ஊராகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே ஒரு பெரும் பூங்கா அமைக்கவும் திட்டமிட்டனர். ஆனால் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு அத்திட்டம் கைவிடப்பட்டது. பூங்கா எழவில்லையே என்று ஊரார் ஓய்ந்துவிடவில்லை. 1993ஆம் ஆண்டில் 15 அடி உயரமான வெண்கலச் சிலையொன்றை நிறுவினர். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கு விழா எடுக்கப்படுகிறது. இரசிகர்கள் நீல உடையும் செம்மேலாடையும் தரித்து அச்சிலையின் அடியிற் கூடுகின்றனர்.

பெரிய பூங்காக்கள் தொடக்கத்தில் வீரர்களின் பெயர்களை மட்டுமே பெரும்பாலும் பயன்படுத்தின. சிக்காகோ நகருக்கு அண்மையிலுள்ள சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காவிலே 1992ஆம் ஆண்டில் பட்மான் பெயரால் ஒரு ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. தண்டவாளம் தலைக்கு மேலே செல்ல, பயணிகள் அதன்கீழ்க் கால்கள் தொங்க அமர்ந்து தலைகீழாகச் சுழலும் புதுவகைத் தொடர் அது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் இதனை அமைத்தனர். 1997ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள அதே நிறுவனத்தின் மற்றொரு பூங்காவில் சூப்பர்மான் பெயரால் 415 அடி உயரமான கோபுரமொன்று எழுந்தது. மின்காந்த விசையால் மணிக்கு 100 மைல் வேகத்தை நோக்கி உந்தப்பட்ட வண்டி அக்கோபுரத்தில் நேர்செங்குத்தாக ஏறி, மீண்டும் பின்னோக்கி விழுந்தது.

பயணிகள் அலறினர், மகிழ்ந்தனர், மறுபடியும் வரிசையில் நின்றனர். ஆயினும் அங்கே வேகம் இருந்த அளவுக்கு வீரன் இருக்கவில்லை. பெயர்ப்பலகையை மாற்றினாலும் வண்டி அவ்வாறே ஓடியிருக்கும். கதையைப் படித்தவனுக்கும் படியாதவனுக்கும் கிடைத்த இன்பம் ஒன்றே.

கதைக்குள் புகும் வண்டி

இந்நிலையை மாற்றிய பூங்கா புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகரிலே 1999 மே மாதத்தில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. யுனிவர்சல் நிறுவனத்தாரின் ‘ஐலண்ட்ஸ் ஒவ் அட்வென்ச்சர்’ என்னும் அப்பூங்காவின் ஒரு பகுதி, மார்வெல் பதிப்பகத்தின் வீரர்களுக்கே ஒதுக்கப்பட்டது. கட்டடங்கள் சித்திரக்கதையின் பக்கங்களைப்போலவே அழுத்தமான வர்ணங்களாற் பூசப்பட்டன. உணவுச்சாலைக்கும் கடைக்கும் பெரிய எழுத்திலே பெயர் தீட்டப்பட்டது. சுவர்களிலெல்லாம் வீரர்களின் பேருருவங்கள் நின்றன. தெருவில் நடப்பவன் புத்தகத்துக்குள் நடப்பவனாகவே தன்னை எண்ணிக்கொண்டான்.

அங்கே ஹல்க் என்னும் பச்சை நிற அரக்கனின் பெயரால் ஒரு தொடர் ஓடுகிறது. சிக்காகோப் பட்மான் தொடரை அமைத்த அதே சுவிற்சர்லாந்து நிறுவனமே இதனையும் அமைத்தது. ஏனைய தொடர்கள் சங்கிலியால் மெல்ல மேலே இழுக்கப்பட்டுப் பின்னர் வீழ்வன. இதுவோ மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு குகைக்குள்ளேயே இரப்பர்ச் சில்லுகளால் இறுகப் பற்றப்பட்டு, இரண்டே விநாடிகளில் மணிக்கு 40 மைல் வேகத்தில் வெளியே எறியப்படுகிறது. ஒவ்வொரு முறையும் இதற்கு வேண்டிய மின்சாரத்தை ஒரேயடியாக இழுத்தால் சுற்றுப்புறத்து விளக்குகளெல்லாம் மங்கிவிடும். ஆகவே பாரமான சுழற்சக்கரங்களிலே சக்தியைச் சேமித்துவைத்து வேண்டிய கணத்தில் விடுவிக்கின்றனர். சாதாரண மனிதன் சினங்கொண்டு திடீரென அரக்கனாக மாறுவதே ஹல்க்கின் கதை. அச்சினத்தின் வெடிப்பை வாசகன் தன் முதுகெலும்பில் உணருகின்றான். வண்டி வீரனின் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

இதனினும் நுட்பமானது ஸ்பைடர்மான் சவாரி. பன்னிருவர் அமரும் வண்டி இருண்ட மண்டபத்தில் தண்டவாள வழியே செல்கிறது. அது ஓடிக்கொண்டே குலுங்கவும், சாயவும், சுழலவும் வல்லது. உண்மையான சுவர்களுக்கும் தெருக்களுக்கும் இடையே பெருந்திரைகள் பொருத்தப்பட்டுள்ளன. பயணிகள் விசேட கண்ணாடி அணிந்து அத்திரைகளைப் பார்க்கின்றனர். வண்டி அசையுந்தோறும் பார்ப்பவனின் கண் இருக்குமிடமும் மாறுகிறது அல்லவா? அம்மாற்றத்துக்கு ஏற்பத் திரையிலுள்ள படமும் கணந்தோறும் திட்டமிட்டுத் திரிக்கப்படுகிறது. ஆகவே திரை எங்கே முடிகிறது, உண்மைச் சுவர் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் அறிய முடிவதில்லை. 400 அடி உயரத்திலிருந்து வீழ்வதாகத் தோன்றும் இறுதிக் காட்சியிலே வண்டி உண்மையில் வீழ்வதேயில்லை. வீழ்வது கண் மட்டுமே. உடல் அதனை நம்பிவிடுகிறது.

2012ஆம் ஆண்டில் இதன் படங்கள் முழுவதும் புதிதாக வரையப்பட்டன. அவற்றிலே ஸ்டான் லீயின் உருவம் ஆங்காங்கே ஒளித்துவைக்கப்பட்டது. தங்கள் கதாசிரியரைக் கூர்ந்து தேடிக் கண்டுபிடிப்பது இரசிகர்களுக்கு ஒரு தனி விளையாட்டாயிற்று. 2018 நவம்பரில் அவர் காலமானார். அதன் பின்னர் அதே உருவத்தைக் காண்பது அவருக்குச் செலுத்தும் மரியாதையாக மாறிவிட்டது.

ஆற்றினால் வகுத்த எல்லை

இவ்வளவு சிறப்பாக அமைந்த இடத்திலேதான் ஒரு விசித்திரமான சிக்கலும் உண்டு. 1994ஆம் ஆண்டில் மார்வெல் பதிப்பகம் யுனிவர்சலின் தாய் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே யுனிவர்சல் பயன்படுத்தும் வீரர்களையும் அவர்தம் கூட்டத்தவரையும் வேறெந்தப் பூங்காவும் பயன்படுத்தலாகாது. ஆற்றுக்கு மேற்கே கட்டுப்பாடு குறைவு. எனினும் அங்கும் பிறருடைய பூங்கா மார்வெல் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக்கூடாது. அக்காலத்தில் மார்வெல் செல்வச் செழிப்பில் இருக்கவில்லை. 1996 டிசம்பரில் கடனிறுக்க வழியின்றி அது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று.

காலச்சக்கரம் சுழன்றது. 2009ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு மார்வெலை வாங்குவதாக அறிவித்தது. திரைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெற்றி பெற்றன. ஆனால் ஒர்லாண்டோவிலே டிஸ்னிக்கு உலகப் புகழ்பெற்ற பூங்காக்கள் இருந்தும், தான் விலைகொடுத்து வாங்கிய கப்டன் அமெரிக்காவை அங்கே நடமாடவிட டிஸ்னிக்கு உரிமையில்லை. அவ்வீரன் சில மைல் தொலைவிலே, போட்டி நிறுவனத்தின் தெருவிலே நின்று கைகுலுக்குகின்றான்! யுனிவர்சலின் பட்டியலில் இல்லாத ‘கார்டியன்ஸ் ஒவ் த கலக்ஸி’ குழுவினருக்கு மட்டும் 2022 மே மாதத்தில் டிஸ்னியின் எப்கொட் பூங்காவில் இடம் கிடைத்தது.

குழந்தைக்கு இதனை எவ்வாறு விளக்குவது? படத்தில் தோளோடு தோள் நின்று போராடிய தோழர்கள், ஊருக்கு வந்ததும் வெவ்வேறு மதில்களுக்குள் பிரிந்து நிற்கின்றனர். ஆற்றின் கரையைக் கொண்டு வீரரைப் பங்கிட்டவர்கள் குழந்தையின் மனத்திலே எல்லைக்கல் நாட்ட முடியாது. வயது வந்த இரசிகர்களோ இவ்வொப்பந்தத்தின் ஷரத்துக்களை வழக்கறிஞரைப்போல ஆராய்ந்து வாதிடுகின்றனர். பாடப்புத்தகத்தைப் புரட்ட மறுக்கும் மாணவன்கூட இதனை மனப்பாடம் செய்திருப்பான்!

ஒப்பந்தம் முடிந்தால் வீரனும் போய்விடுவான் என்பதற்கு யப்பான் சான்று. ஒசாக்கா நகரிலுள்ள யுனிவர்சல் பூங்காவில் 2004 ஜனவரியில் திறக்கப்பட்ட ஸ்பைடர்மான் சவாரி, உரிமைக்காலம் முடிவுற்றமையால் 2024 ஜனவரி 22ஆந் திகதி நிறுத்தப்பட்டது. இருபது ஆண்டுகளில் அங்கு குழந்தையாகச் சென்றவர் பெற்றோராகிவிட்டனர். யந்திரம் பழுதடையவில்லை, மக்கள் வெறுக்கவுமில்லை. கடதாசியிலிட்ட கையொப்பத்தின் ஆயுள் முடிந்தது, அவ்வளவே.

இடித்தவரும் எதிர்த்தவரும்

மிசிசிப்பிக்கு மேற்கே, கலிபோர்னியாவிலே, டிஸ்னிக்குத் தடை குறைவு. ஆனால் அங்கே வேறொரு தடை எழுந்தது. அது இரசிகர்களின் உள்ளம்.

அங்குள்ள பூங்காவொன்றிலே 2004ஆம் ஆண்டு முதல் ஒரு பழைய ஹோட்டல்போல அமைந்த ‘பயங்கரக் கோபுரம்’ இருந்தது. மின்தூக்கி அறுந்து வீழ்வதுபோன்ற அச்சத்தை ஊட்டுவது அதன் வேலை. உண்மையில் அந்தக் கூண்டு தானாக வீழ்வதில்லை. புவியீர்ப்பினும் விரைவாகக் கம்பிவடத்தினாற் கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. 2017 ஜனவரியில் அதனை மூடி, ‘கார்டியன்ஸ்’ குழுவினரின் கோட்டையாக மாற்றப்போவதாக டிஸ்னி அறிவித்தபோது பழைய இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பு மனுக்களில் கையொப்பம் சேர்த்தனர். குழாய்களும் உலோகத் தகடுகளும் பொருந்திய புதிய தோற்றத்தை எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்கு ஒப்பிட்டு நகைத்தனர்.

இவ்வாறு எதிர்த்தவர்கள் வீரர்களின் பகைவர் அல்லர். அவர்களுட் பலர் அதே திரைப்படங்களை விரும்பிப் பார்த்தவர்களே. தம் இளமை நினைவுகள் தங்கியிருந்த கட்டடத்தை இன்னொரு கதைக்காக அழிப்பதே அவர்களை வருத்தியது. பூங்கா நிறுவனத்தின் சொத்து என்பதை அவர்கள் அறிவர். ஆயினும் நெஞ்சிலே பதிந்த இடத்துக்கு உறுதிப்பத்திரம் வேறு என்று அவர்கள் கருதினர்.

2017 மே 27ஆந் திகதி புதிய சவாரி திறக்கப்பட்டது. இம்முறை பாட்டொலிக்கக் கூண்டு ஏறியும் இறங்கியும் துள்ளியது. ஆறு பாடல்கள், அவற்றுக்கேற்ப ஆறு வகைத் துள்ளல்கள். எது வாய்க்கும் என்று ஏறுபவருக்குத் தெரியாது. அச்சம் ஊட்டிய இடத்திலே நகைச்சுவை புகுந்தது. ஏளனம் செய்தவர்களிற் பலர் ஏறிப் பார்த்து மனம் மாறினர். சிலர் இன்றுவரை பழைய ஹோட்டலையே நினைந்து ஏங்குகின்றனர். இரு சாராரையும் நாம் குறைகூறுவதற்கில்லை. அன்பு இருக்குமிடத்தில் பிணக்கும் இருக்கும்.

தெருவில் நடக்கும் வீரர்

அதே பூங்காவிலே 2021 ஜூன் 4ஆந் திகதி ‘அவெஞ்சர்ஸ் கம்பஸ்’ திறக்கப்பட்டது. கம்பஸ் என்றதும் நம் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். இங்கும் பொருள் அதுவே. புதிய வீரர்களைப் பயிற்றுவதற்கு அமைந்த கலாசாலை என்பதே அவ்விடத்துக்குப் புனைந்த கதை. ஆகவே உள்ளே வருபவர் வெறும் பார்வையாளர் அல்லர்; மாணாக்கர். பாரிஸ் டிஸ்னியிலும் 2022 ஜூலையில் இத்தகைய ஒரு கலாசாலை திறக்கப்பட்டது.

கட்டடங்களைப் பற்றி இரசிகர்கள் அவ்வளவாகப் புகழவில்லை. பழைய தொழிற்சாலையைப் புதுப்பித்த இடம் என்ற கதைக்கு ஏற்ப அவை அமைந்தமையால், பண்டகசாலைபோல் இருக்கின்றன என்று குறைகூறியவர் பலர். பூச்சிகளின் உலகம்போல் அமைந்த மழலையர் பகுதியொன்றை நீக்கிவிட்டு இதனைக் கட்டியமையும் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு மனக்குறையாயிற்று. ஆனால் ஒரு விடயத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒருமுகமாக மகிழ்ந்தனர். அங்கே வீரர்கள் ஓரிடத்தில் நின்று படம்பிடிக்க முகங்காட்டுவதோடு அமையவில்லை. கூரைமேல் சண்டையிடுகின்றனர், தெருவில் உலாவுகின்றனர், வருவோரிடம் நின்று உரையாடுகின்றனர். வகாண்டா நாட்டு வீராங்கனைகள் சிறுமியரை நிறுத்தி, நிற்கும் நிலையும் ஈட்டி பிடிக்கும் முறையும் கற்பிக்கின்றனர். டொக்டர் ஸ்ட்ரேஞ்ச் தன் மாய வித்தைகளைக் காட்டிப் பிள்ளைகளைத் துணைக்கழைக்கின்றார்.

ஸ்பைடர்மான் மட்டும் வானிலே பறக்கின்றான். கூரையின் மேல் நிற்பவன் உயிருள்ள கலைஞன். ஆனால் 60 அடிக்கு மேலே எறியப்பட்டுக் காற்றிலே குட்டிக்கரணம் அடிப்பது ஓர் இயந்திரப் பொம்மை. கயிறு கைநழுவியதும் அதனைத் தாங்குவது எதுவுமில்லை. உடலினுள்ளே அமைந்த கருவிகள் வேகத்தையும் சுழற்சியையும் அளந்து, எப்போது கைகால்களை மடக்குவது, எப்போது நீட்டுவது என்பதைத் தாமே தீர்மானிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வலையிலே அது வீழ்கிறது. மறுகணம் உயிருள்ள கலைஞன் கீழே இறங்கி வந்து கூட்டத்தை வணங்குகின்றான்.

2022 ஜூன் மாதத்திலே ஒரு நாள் அப்பொம்மை குறிதவறிக் கட்டடத்தின் சுவரில் மோதியது. அக்காட்சியைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தவர்களாற் செய்தி உலகெங்கும் பரவியது. சிலர் சிரித்தனர், சிலர் பதறினர். யந்திரம் வீழ்ந்ததனால் ஸ்பைடர்மான்மீது இரசிகர் கொண்ட அன்பு வீழ்ந்ததா? இல்லை. நம் கூத்தரங்கிலே அருச்சுனனின் முடி சரிந்துவிட்டால், அவன் அருச்சுனன் அல்லன் என்று எழுந்து போவார் உண்டா? முடியைச் சரிசெய்துகொண்டு அவன் பாடத் தொடங்கியதும் சபை மீண்டும் அமைதியடையும். நம்பிக்கையை நடத்திச் செல்வது ஆடுவோன் மட்டுமல்லன், காண்போனுந்தான்.

உடையும் பணமும்

இரசிகர்கள் தம் பற்றை உடையாலும் காட்டுகின்றனர். ஆனால் அமெரிக்க டிஸ்னிப் பூங்காக்களிலே 14 வயதும் அதற்கு மேற்பட்டவரும் சாதாரண நாட்களில் வேடம் புனைந்து வரலாகாது. வேடமிட்டு வந்தவரை உண்மையான வீரரென்று குழந்தைகள் நம்பி ஏமாறக்கூடும் என்பதே காரணம். இரசிகர் இதற்கும் ஒரு வழி கண்டனர். வேடம் புனையாமல், தமக்குப் பிடித்த வீரனின் வர்ணங்களிலே நாளாந்த உடையைத் தெரிந்து அணிகின்றனர். சிவப்புச் சட்டையும் நீலக் காற்சட்டையும் அணிந்த ஒருவரைக் கண்டதும் ஸ்பைடர்மானே அருகில் வந்து நலம் விசாரிப்பதுண்டு. அந்த ஒரு கணத்துக்காகவே அவர் அன்று காலை அவ்வுடையைத் தெரிந்தெடுத்தார்!

இன்பத்தைப் பேசும்போது செலவையும் பேசவேண்டும். நுழைவுச்சீட்டு, தங்குமிடம், உணவு யாவும் குடும்பத்தின் பணப்பையைச் சுருக்குவன. அவற்றுக்கு மேலே, ஸ்பைடர்மானின் வலை எறியும் புதிய சவாரியிலே கூடுதல் ஆற்றல் தரும் கைக்கருவியும் விற்பனைக்கு உண்டு. அச்சவாரி பயணிகளின் கையசைவைக் கமராக்களாற் கண்டறிந்து திரையிலே வலையாக மாற்றுவது, வெறுங்கையே போதும். ஆயினும் பணம் கொடுத்தவனின் வலை பெரிதாகும் என்றால் பக்கத்திலிருக்கும் ஏழைப்பிள்ளையின் மனம் என்னாகும் என்று இரசிகர்களே கேட்டனர். நியாயமான கேள்வி. எளியவருக்குத் துணைநிற்பவன் என்று புகழப்பட்ட வீரனின் வாசலிலே அது எழுவது பொருத்தமும் ஆகும்.

எஞ்சுவது எது?

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உயரமும் வேகமும் கூட்டத்தை ஒருமுறை அழைத்துவரும். ஆனால் இரசிகர் கண்கலங்கி நிற்பதும், மீண்டும் மீண்டும் வருவதும் வேறொன்றுக்காக. இத்தனை காலமும் தாம் வீரனை அறிந்திருந்தனர். இப்போது வீரனும் தம்மை அறிந்துகொள்ளவேண்டும் என்பதே அவர்களின் ஆசை. படிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் கிட்டாத ஒன்று அது. வீரன் முழங்காலிட்டுக் குழந்தையின் கண்ணுக்கு நேரே வந்து பெயரைக் கேட்கும்போது அந்த ஆசை நிறைவேறுகின்றது.

உரிமைப் பத்திரங்கள் நிறுவனங்களின் பெட்டகங்களில் இருக்கின்றன. அவை விற்கப்படலாம்; காலாவதியாகலாம்; ஆற்றின் கரையிலே தடைபட்டும் நிற்கலாம். அவற்றை மதிப்பது சட்டம். ஆனால் ஒரு கதையைப் பாதுகாத்து அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பவர் அதை விரும்பிக் கேட்டவர்களே. பூங்காவே இல்லாத மெற்றோபொலிஸ் பட்டணத்திலே, வெண்கலச் சிலையொன்றின் அடியிலே, ஆண்டுதோறும் கூடும் மக்கள் இதனை நன்கு அறிவர்.